கிராம்பு தூக்கல்

சைபர் டீச்சர் பொய் சொல்ல மாட்டார். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. கணக்கு டீச்சர். விடைத்தாளில் சைபர் என்றால் சைபர்தான். பாவம் போகட்டும் என்று அரை மார்க், கால் மார்க் போட்டு முட்டைக்குப் பக்கத்தில் எதையாவது ஒட்டவைக்கிற வேலையெல்லாம் அவரிடம் நடக்காது. தலைமையாசிரியரின் சொந்த மகனுக்கே சைபர் போட்டு, அது கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே என்று அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போட்டவர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்தது. விவரம் சரியாக இருந்ததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்டவர், கண்புரை ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் கண் விழித்த முதல் நாள் காலை, மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த மசாலா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

டீ வாயில் வைக்க விளங்கவில்லை. சொத்தைப் பல்லில் வைக்கிற கிராம்புத் தைலப் பஞ்சை எடுத்துப் பாலில் ஊறப்போட்டது மாதிரி இருந்தது. கிராம்பு முன்னால் வந்தது. அதற்குப் பின்னாலும் கிராம்புதான் வந்தது. பட்டை, ஏலக்காய், இஞ்சி, மிளகு எல்லாம் போட்டிருந்தாராம். போட்டிருக்கலாம். அவற்றில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. நாக்கு மரத்துப் போய், உதடு எங்கே முடிகிறது, டம்ளர் எங்கே ஆரம்பிக்கிறது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தெரியாத உதட்டால்தான் "நல்லா இருக்கு" என்று சொன்னார்.

ஏன் சொன்னார்? இதென்ன கேள்வி, எதிரே நிற்பவர் மாப்பிள்ளை. பெற்ற மகளை 'என்னடி, ஏண்டி' என்று நாள் முழுக்க உரித்து எடுக்கலாம், கேட்பாரில்லை. மாப்பிள்ளை விஷயம் அப்படியா? 'வாங்க மாப்பிள்ளை', 'உக்காருங்க மாப்பிள்ளை', 'சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை', 'நல்லா இருக்கு மாப்பிள்ளை'. கல்யாணம் ஆன நாளிலிருந்து டீச்சர் அவரிடம் பேசிய மொத்தப் பேச்சும் இவ்வளவுதான், இதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை. மாப்பிள்ளையைக் குறை சொன்னால் அது மகள் தலையில் விடியும் என்பார்கள். எப்படி விடியும், என்ன வழியாக விடியும் என்று யாரும் விளக்கிச் சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் நிரூபணம் கேட்கிற டீச்சர், வாழ்க்கையில் நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

தானே எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மகள் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மற்றவர்களுக்கு உத்தரவு போடுவதில் அம்மாவை உரித்து வைத்திருந்தாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது, ஆவி படக் கூடாது, குனியக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. இத்தனை 'கூடாது'களையும் வைத்துவிட்டு விடியும் முன்பே ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விடுவாள். வீட்டில் மிச்சம் இருப்பது டீச்சரும் மாப்பிள்ளையும் டீயும்.

கீழே கொட்டவும் முடியாது. மாப்பிள்ளை டீயைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற ஆள் இல்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டீச்சரின் தொண்டை ஏறி இறங்குவதைக் கடைசி மடக்கு வரை பார்த்துக்கொண்டிருப்பார். லிஃப்ட் மெக்கானிக். ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட கண்.

நாலைந்து நாள் பொறுத்தார் டீச்சர். அதற்கு மேல் தாங்கவில்லை. குறையாகவும் இருக்கக் கூடாது, விஷயமும் போய்ச் சேர வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வார்த்தையைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை இரண்டாவது மடக்கில் மெதுவாக எடுத்து விட்டார்.

"கிராம்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு மாப்பிள்ளை."

இங்கேதான் டீச்சர் கோட்டை விட்டார். அவர் வளர்ந்த வீட்டில் உப்பு தூக்கல் என்றால் உப்பு கூடிப்போய்விட்டது, காரம் தூக்கல் என்றால் தண்ணீர்ச் செம்பை எடு என்று அர்த்தம். மாப்பிள்ளை வளர்ந்த தெருவில் தூக்கல் என்றால் பிரமாதம். புதுச்சட்டை தூக்கலாக இருக்கும், புதுப்பெண் தூக்கலாக இருப்பாள், வண்டிக்குப் பெயின்ட் அடித்தால் அதுவும் தூக்கலாக இருக்கும். போதாக்குறைக்கு அவர் தொழிலே ஆட்களை மேலே தூக்குவது.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்த மலர்ச்சியைக் கறுப்புக் கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்க முடிந்தது.

"தூக்கலா இருக்கா! நிஜமாவா அத்தை?"

டீச்சர் வாயைத் திறந்தார். திருத்திச் சொல்லத்தான் திறந்தார். அதற்குள் மாப்பிள்ளைக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

"நான் செஞ்ச எதையும் யாரும் இப்படிச் சொன்னதில்ல அத்தை. என் வேலை அப்படி. ஓடற லிஃப்டை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. நின்னு போனாத்தான் என் ஞாபகம் வரும், அதுவும் திட்டறதுக்கு. கதவத் திறந்து வெளிய விட்டா, ஏன் லேட்டுன்னுதான் முதல் கேள்வி. ஒருத்தராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லணுமே!"

டீச்சர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய்க்குள் கிராம்பு இருந்தது. மறுநாளிலிருந்து அது இரண்டு மடங்கானது.

டம்ளரோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. பாராட்டு தலைக்கேறிய மனிதனை அடுப்படியில் விட்டால் என்ன ஆகும் என்பதை டீச்சர் அதற்குப் பிறகுதான் பார்த்தார். மாப்பிள்ளை மசாலா டீயை வைத்தே சமைக்க ஆரம்பித்தார். ஓட்ஸை டீயில் வேகவைத்தார். உருளைக்கிழங்கை டீயில் வேகவைத்தார். முட்டையை டீ டிகாஷனில் போட்டுக் கொதிக்கவிட்டார். அது தோலை உரித்தும் உரிக்காத மாதிரியே பழுப்பாக வந்தது. ரொட்டித் துண்டுகளை டீயில் ஊறவைத்துச் சர்க்கரை தூவி ஓவனில் வைத்தார். அதைத் தட்டிலிருந்து பெயர்க்க, டூல்ஸ் பையிலிருந்து ஏதோ எடுத்து வர வேண்டியதாயிற்று. கடைசியில் மசாலா டீ கேக் வந்தது. அதன் நடுவில் ஒரு முழுக் கிராம்பு, பொட்டு வைத்த மாதிரி.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றார் டீச்சர். ஒவ்வொன்றுக்கும் சொன்னார். ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ஒரு நாள் சாயங்காலம் மகள் சொட்டு மருந்து விட வந்தவள், கதவைச் சாத்திவிட்டு அம்மா எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஆபரேஷன் உனக்குக் கண்ணுலதான பண்ணாங்க? நாக்குலயா பண்ணாங்க?"

"ஏண்டி?"

"அந்த டீய எப்படிம்மா நல்லா இருக்குன்னு சொல்ற? நான் முதல் நாளே அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன், இது டீ இல்ல, எறும்பு மருந்துன்னு. இப்ப நான் என்ன சொன்னாலும் எடுபடல. 'சைபர் டீச்சரே பாஸ் போட்டாச்சு, நீ யாருடி'ங்கறாரு."

தன் பெயருக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சரி விடுடி. ஆசைக்குப் போடறாரு. நான் ஊருக்குப் போனா தன்னால நின்னுடும்."

"எங்க நிக்கும்? வேலைய விடப் போறாரும்மா!"

"என்னடி சொல்ற?"

"ஞாயித்துக்கிழமை அவங்க சூப்பர்வைசரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காரு. டீயும் கேக்கும் குடுத்துட்டு, அவர்கிட்டயே நேரா சொல்லப் போறாராம், நான் வேலைய விடறேன்னு. வீட்லயே மசாலா அரைச்சு விக்கப் போறாராம். பேரு கூட வச்சாச்சு. தூக்கல் டீ. நீ சொன்ன வார்த்தையாமே!"

டீச்சரின் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏற்கெனவே அங்கே கரைந்து கிடந்த கிராம்போடு அதுவும் சேர்ந்துகொண்டது.

"அவர் இடத்துக்கு வர ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்கம்மா. விட்டா விட்டதுதான். அவருக்கு அந்த வேலை எப்படி வரும்னு உனக்குத் தெரியாது. நீ ஆரம்பிச்சு வச்சே, நீயே முடிச்சு வை. நீ சொன்னாத்தான் கேப்பாரு." சொட்டு மருந்தை விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். பாதி கன்னத்தில் விழுந்திருந்தது.

அந்த வேலை அவருக்கு எப்படி வரும் என்று டீச்சருக்கு அடுத்த நாளே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை அடுப்பில் டீயை வைத்துவிட்டு நிற்கும்போது போன் வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டு அழுகிறாளாம். காவலாளி அந்தப் பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். அடுப்பை அணைத்துவிட்டு மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டே அவளிடம் பேசினார்.

"அம்மா, நான் லிஃப்ட் மெக்கானிக் பேசறேன். அழாதீங்க. அது விழாதும்மா. ஒரு கயிறு இல்ல, பல கயிறு போட்டிருக்கு. மூச்சும் முட்டாது, காத்து வர வழி விட்டுத்தான் செஞ்சிருக்கோம். கதவை மட்டும் நீங்களா இழுக்காதீங்க. கையில என்ன வச்சிருக்கீங்க? காய்கறியா? என்னென்ன வாங்கினீங்க, ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துச் சொல்லுங்க. கேரட்டா, எவ்ளோ? ஏம்மா அவ்ளோ வாங்கினீங்க, வீட்ல முயல் வளக்கறீங்களா?"

போனிலிருந்து, அழுகை நடுவில் சிரிப்பு வருகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முட்டைக்கோஸ் பற்றிக் கேட்டபடியே படியிறங்கிப் போனார். குரலில் ஒரு பதற்றம் இல்லை, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வருஷம் வகுப்பறையில் நின்றும், அழுகிற பிள்ளையை இப்படி ஒரு தடவை நிறுத்தத் தனக்குத் தெரிந்ததில்லையே என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட வேலைக்காரன், இவர் சொன்ன ஒரு பொய்யை நம்பி, அந்த வேலையை விடப் போகிறான். டீச்சருக்குத் தன் மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே சொல்லத்தான் வாய் வரவில்லை. ஜாடையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று இறங்கினார். மறுநாள் காலை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசினார். "எங்க ஸ்கூல்ல ஒரு பாட்டு வாத்தியார் இருந்தாரு. தங்கமான வேலை. அதை விட்டுட்டு ஐஸ்கிரீம் கடை வச்சாரு. நாலே மாசம். மூடியாச்சு."

ஃபிரிட்ஜ் சும்மா இருந்தது. மாப்பிள்ளைதான் பதில் சொன்னார்.

"பாவம். அவரு ருசியா செஞ்சிருக்க மாட்டாரு அத்தை."

சரி, வயிற்றின் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தார். "இப்பல்லாம் டீ குடிச்சா எனக்கு நெஞ்சைக் கரிக்குது மாப்பிள்ளை."

"அப்படியா? கவலப்படாதீங்க. கிராம்பு அதுக்கு ரொம்ப நல்லது," என்றார் மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. வீடு முழுக்க மசாலா நெடி. மகள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, ஆனாலும் கப்புகளைத் துடைத்து வைத்தாள். சூப்பர்வைசர் வந்தார். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். எதற்கு அழைப்பு, யாருக்காவது பிறந்தநாளா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பூங்கொத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எதிர் வீட்டுத் தையல்காரம்மாவையும் மாப்பிள்ளை கூப்பிட்டிருந்தார். அந்தம்மா வாசலிலேயே ஒரு தும்மல் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் தட்டோடு வந்தார். எல்லோருக்கும் டீ கொடுத்தார், கேக் கொடுத்தார், ஆளுக்கொரு பழுப்பு முட்டை கொடுத்தார். கொடுத்துவிட்டு வழக்கம்போல எதிரே நின்று தொண்டைகளைப் பார்த்தார்.

சூப்பர்வைசர் ஒரு மடக்கு குடித்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பல வருஷம் கெட்டுப்போன எந்திரங்களைப் பார்த்தவர், முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "அருமை தம்பி," என்றார்.

"தெருமுனை வரைக்கும் மணக்குதே!" என்றார் தையல்காரம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?"

"வேணாம் வேணாம்! போதும்!" சூப்பர்வைசர் கப்பின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மகள் சுவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை கறுப்புக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போனது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னா, ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி அத்தை ஒரு வார்த்தை சொல்லணும். நீங்கல்லாம் விருந்தாளிங்க, என் முகத்துக்காக நல்லா இருக்குன்னுதான் சொல்வீங்க. அது எனக்குத் தெரியாதா? எங்க அத்தை அப்படி இல்ல. பொய்யே சொல்ல மாட்டாங்க. அவங்க ஸ்கூல்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க." திரும்பினார். "சொல்லுங்க அத்தை. இந்த டீ எப்படி?"

டீச்சர் எழுந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மகள் 'அம்மா!' என்று பதறினாள், அவர் காதில் அது விழவில்லை. புரை எடுத்த கண்ணால் மாப்பிள்ளையை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் சமைத்த முகம். கிரீஸ் போகாத நகக் கண்ணில் மசாலாத் தூள். காதோரம் ஒன்றிரண்டு நரை. சின்னப் பையன் விடைத்தாளை வாங்க வந்து நிற்கிற மாதிரி, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

'நல்லா இருக்கு மாப்பிள்ளை' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தை மாப்பிள்ளை வாயிலிருந்து வரும், அதோடு அவர் வேலை போய்விடும்.

"டேய்," என்றார் டீச்சர்.

தையல்காரம்மா முட்டையைக் கீழே வைத்தார்.

"சைபர்டா. வாயில வைக்க முடியலடா. முதல் நாள்லேருந்தே முடியல. அன்னைக்குத் தூக்கல்னு சொன்னது கிராம்பு கூடிப்போச்சுன்னு சொன்னதுடா. இத நம்பியா வேலைய விடப் போறே? உள்ள மாட்டிக்கிட்டு அழற பொண்ணைக் காய்கறி பேரைக் கேட்டே சிரிக்க வச்சவன்டா நீ. அது உனக்குத் தெரியுதா? அதுக்கு நூத்துக்கு நூறு போடுவேன்டா. இந்த டீக்கு சைபர். சுத்தி இன்னொரு வட்டம் போடுவேன்."

எத்தனை 'டா' விழுந்தது என்று யாரும் எண்ணவில்லை. டீ போட்ட மாப்பிள்ளைக்கு மாமியார் 'டா' போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் கை இன்னும் கோத்தபடியே இருந்தது.

அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளை எடுத்தார், கேட்டார், "எந்த மாடி?" என்றார். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். போகும்போது போனில் பேசுகிற குரல் மட்டும் எப்போதும் போலவே இருந்தது.

சூப்பர்வைசரும் எழுந்தார். பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் டீச்சர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தையல்காரம்மா கிளம்ப மனசில்லாமல் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் மகள் பிடித்துக்கொண்டாள். "அவரப் போய் 'டா' போட்டுட்டியேம்மா! அதுவும் சபையில!"

"நீதானடி உண்மையைச் சொல்லச் சொன்னே?"

"உண்மையச் சொல்லத்தான் சொன்னேன். 'டா' போடச் சொன்னேனா?"

பிரித்துச் சொல்ல வரவில்லை, இரண்டும் சேர்ந்தேதான் வந்தது என்று மகளிடம் எப்படிச் சொல்வது? அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருக்கிற தன் பெட்டியை எடுத்துக் கொடு, ஊருக்குப் போகிறேன் என்றார். குனியக் கூடாது என்பதால் அதற்கும் மகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. மகள் எடுத்துத் தரவில்லை. டீச்சர் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் தொடாத கேக் மேசையிலேயே கிடந்தது.

இருட்டுகிற நேரத்துக்கு மாப்பிள்ளை வந்தார். சட்டையில் கிரீஸ். கை கழுவினார், நெடுநேரம் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து டீச்சர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு பெரியவர் அத்தை. கதவத் திறந்து விட்டேன். ஏன்யா இவ்ளோ லேட்டுன்னு கேட்டாரு."

டீச்சர் மடியிலிருந்த பூங்கொத்தை மேசையில் வைத்தார்.

"இத்தனை நாளா ஏன் அத்தை சொல்லல?"

"நீங்க மாப்பிள்ளை."

"அப்ப இன்னைக்கு மட்டும்?"

"மறந்துட்டேன்."

"எதை மறந்தீங்க?"

"நீங்க மாப்பிள்ளைங்கறதை," என்றார் டீச்சர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளை துண்டை மடித்தார். பிரித்தார், மறுபடி மடித்தார். "என்னை வளர்த்தது எங்க அக்கா. அவ போனதுக்கப்புறம் வீட்டுக்குள்ள யாரும் என்னை 'டா' போட்டதில்ல. வெளிய சார், தம்பி. இங்க மாப்பிள்ளை. லிஃப்டுக்கு மேல உக்காந்து வேலை பாக்கறப்ப நினைச்சுக்கிட்டேன் அத்தை. சைபர்னு சொன்னதுக்கு அழுகை வந்துது. 'டா'ன்னதுக்கும் அழுகை வந்துது. எது எதுக்குன்னு தெரியல." எழுந்தார். "நாளைக்கு ஷிப்டு இருக்கு. படுக்கறேன்."

மேசை மேல் இருந்த கேக்கைப் போகிற போக்கில் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். அது விழுந்த சத்தத்துக்கு மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல மகள் கிளம்பிப் போயிருந்தாள். மாப்பிள்ளை டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்தார்.

நன்றாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே நன்றாக இருந்தது. இஞ்சி தெரிந்தது, ஏலக்காய் தெரிந்தது, பட்டை எங்கோ பின்னால் மரியாதையாக நின்றது, எல்லாவற்றுக்கும் அடியில் டீ இருந்தது. பால் பால் மாதிரியே இருந்தது. கிராம்பு இருக்கும் இடம் தெரியவில்லை. இத்தனை வாரங்களில் முதல் தடவையாக டீச்சர் தானாக இரண்டாவது மடக்குக்குப் போனார். மனசு குளிர்ந்து போய், பூரித்து, வாய் நிறையச் சொன்னார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை எழுந்தார். டீச்சர் கையிலிருந்து டம்ளரை மெதுவாக வாங்கினார். ஸிங்க் வரைக்கும் நடந்து போய், அத்தனையையும் கொட்டினார்.

"ஐயோ மாப்பிள்ளை, நிஜமாவே..."

"சும்மா இருங்க அத்தை. 'நல்லா இருக்கு மாப்பிள்ளை'ன்னா என்ன அர்த்தம்னு இனிமே எனக்குத் தெரியும்." பால் பாத்திரத்தைக் கழுவி மறுபடி அடுப்பில் வைத்தார். இஞ்சியை நசுக்கினார். கிராம்பு டப்பாவைத் திறந்தார், மூடினார், யோசித்துவிட்டுத் திறந்தார். டீச்சர் ஸிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் போட்ட ஒரே நல்ல டீ அதன் ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது டம்ளர் வந்தது. மாப்பிள்ளை உட்காரவில்லை. நின்றுகொண்டே பார்த்தார்.

டீச்சர் குடித்தார். முந்தியதன் கால் தூசிக்கு இது ஆகாது. குடிக்க முடியாதது என்றும் சொல்ல முடியாது. பதற்றத்தில் ஒன்றோ இரண்டோ கூட விழுந்திருக்கிறது. உதட்டு ஓரத்தில் லேசாக மரத்தது. டீச்சர் டம்ளரைக் கீழே இறக்கி, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கிராம்பு தூக்கல்டா," என்றார்.

முதன்முதல் 'தூக்கல்' கேட்டபோது மலர்ந்த அதே மலர்ச்சி. இந்தத் தடவை நடுவில் கறுப்புக் கண்ணாடி இல்லை.

"தெரியும் அத்தை," என்றார் மாப்பிள்ளை. தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்.